டிப்பருக்குக் கூம்பு ஃபில்டர் மாட்டலாமா?

கேள்வி: கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். சொந்தமாக ஓர் ஆறு சக்கர டிப்பர் ஓட்டுகிறேன். 2018 மாடல், பி.எஸ். 4, நாலு சிலிண்டர், 3.8 லிட்டர், டர்போ இன்டர்கூலர் வண்டி. இதுவரை 2,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. திருவக்கரை பக்கத்துக் குவாரிகளில் ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி, கடலூருக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் அடிக்கிறேன். முன்பு லிட்டருக்கு 5.5 கொடுத்தது, ஆறு மாதமாக 4.8-தான் வருகிறது. பிக்கப்பும் செத்துவிட்டது. புதுச்சேரியில் ஒரு கடையில், ஏர் கிளீனர் டப்பாவையே எடுத்துவிட்டு, கூம்பு ஃபில்டரும் அலுமினியக் குழாயும் போட்டு, காற்று இழுக்கும் வாயை பம்பருக்குப் பின்னால் இறக்கித் தருவதாகச் சொல்கிறார்கள். 18,000 ரூபாய் ஆகும், 15 குதிரைசக்தி கூடும், மைலேஜ் அரை கிலோமீட்டர் ஏறும் என்கிறார்கள். அமெரிக்க பிக்கப் வண்டிகளில் இதைப் போடும் வீடியோக்களைப் பார்த்த என் மகன், குளிர்ந்த காற்று போனால் இன்ஜினுக்கு நல்லது, போட்டுவிடலாம் என்கிறான். மெக்கானிக் வேண்டவே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது ஐயா?

பதில்: வணக்கம். மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். அந்த 18,000 ரூபாயைக் கடையில் கொடுக்காதீர்கள். குளிர்ந்த காற்று இன்ஜினுக்கு நல்லது என்று உங்கள் மகன் சொல்வது உண்மைதான். ஆனால் அந்த வேலையை வண்டி செய்த கம்பெனியே உங்கள் லாரியில் செய்து அனுப்பியிருக்கிறது. இப்போது குறைந்திருக்கும் பிக்கப்பும் மைலேஜும் வேறு எங்கோ தொலைந்திருக்கின்றன. அதைத் தேடும் வழியைப் பின்னால் விவரமாகச் சொல்கிறேன். முதலில் அந்தக் குழாய் ஏன் பயன் தராது என்பதைப் பார்த்துவிடலாம். மகனிடமும் காட்டுங்கள், கணக்கு அவருக்குப் புரியும்.

காற்று சூடானால் விரிகிறது, அதே கொள்ளளவில் அதன் எடை குறைகிறது. 45 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.11 கிலோ இருக்கும், 35 டிகிரியில் 1.15 கிலோ. அதாவது 10 டிகிரி இறங்கினால் 3 சதவீதம் கூடுதல் காற்று. பெட்ரோல் இன்ஜினில் இந்த 3 சதவீதத்துக்கு நேரடி மதிப்பு உண்டு. ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கில் ஓடும் இன்ஜின் அது. காற்று கூடினால் அதற்கேற்பப் பெட்ரோலும் கூடும், சக்தியும் கூடும். வீடியோவில் வரும் அமெரிக்க பிக்கப் வண்டிகளில் பெரும்பாலானவை பெரிய பெட்ரோல் இன்ஜின்கள். அவற்றிலும் ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, இன்ஜின் வேகம் உச்சத்தில் இருக்கும்போதுதான் சிறிய லாபம் தெரியும். சத்தம் மாறுவதால் வண்டி பாய்கிறது என்று காது சொல்லும். காது சொல்வதை அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

டீசல் இன்ஜினின் கதை வேறு. நீங்கள் ஆக்சிலேட்டரை மிதித்தால் கூடுவது டீசலின் அளவுதான். காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கிறது. ஒரு கிலோ டீசல் எரிய 14.5 கிலோ காற்று போதும். முழு லோடில் இழுக்கும்போதுகூட 20 கிலோவுக்குக் குறையாமல் உள்ளே போகும்படிதான் வடிவமைக்கிறார்கள், குறைந்தால் கரும்புகை வந்துவிடும். எவ்வளவு டீசல் தெளிக்க வேண்டும் என்பதை உங்கள் வண்டியில் இசியு என்ற இன்ஜின் கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. நீங்கள் காற்றை மட்டும் 3 சதவீதம் கூட்டிக் கொடுத்தால் அது ஒரு சொட்டு டீசலையும் கூடுதலாகத் தெளிக்காது. பிறகு 15 குதிரைசக்தி எங்கிருந்து வரும்?

அந்த 3 சதவீதமும் சிலிண்டர் வரை போய்ச் சேராது. காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் உங்கள் டர்போ 1.5 பார் பூஸ்ட் (கூடுதல் அழுத்தம்) கொடுக்கிறது, அதன் திறன் 70 சதவீதம், அப்படிச் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலரின் திறன் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இவை இந்த அளவு வண்டிக்குப் பொருத்தமான எண்கள். வெளியே 35 டிகிரி. ஏர் கிளீனர் 45 டிகிரி காற்றை இழுத்தால், டர்போ அதை அழுத்தி 180 டிகிரிக்குக் கொண்டுபோகும். 35 டிகிரி காற்றை இழுத்தால் 167 டிகிரி. இரண்டையும் இன்டர்கூலர் வழியாக விட்டால், முதலாவது 64 டிகிரியிலும் இரண்டாவது 61 டிகிரியிலும் இன்ஜினுக்குள் நுழைகின்றன. தொடக்கத்தில் 10 டிகிரியாக இருந்த வித்தியாசம் முடிவில் 3 டிகிரி ஆகிவிட்டது. காற்றின் எடையில் அது 1 சதவீதம்கூட இல்லை. 180 டிகிரியை 64-க்கு இறக்கும் இன்டர்கூலர்தான் உங்கள் வண்டியின் உண்மையான குளிர்காற்றுக் கருவி. அதன் முகத்தில் குவாரி மண் அப்பியிருந்தால் 20, 30 டிகிரி போய்விடும். எந்தக் குழாய் போட்டும் அதைத் திரும்பப் பெற முடியாது.

தடை குறைவதால் லாபம் என்று கடைக்காரர் சொல்வார். நல்ல நிலையில் உள்ள புதுப் பேப்பர் ஃபில்டர் முழு லோடில் தண்ணீர் மட்டக் கணக்கில் (எத்தனை மி.மீ. தண்ணீரை உறிஞ்சித் தூக்கும் என்ற கணக்கில்) 250 மி.மீ. அளவுக்குத் தடை தரும். கூம்பு ஃபில்டர் அதை 150 ஆக்குகிறது என்றே ஒப்புக்கொள்வோம். மிச்சம் 100 மி.மீ. காற்று மண்டலத்தின் அழுத்தம் அதே கணக்கில் 10,300 மி.மீ. ஆகவே கிடைத்தது 1 சதவீதம். அதையும் டர்போவின் வேஸ்ட்கேட் சரிக்கட்டிவிடும், ஏனென்றால் அது பூஸ்டைக் குறித்த அளவில் பிடித்துவைக்கவே இருக்கிறது.

நம் கரையோரத்துக்கே உரிய இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கடலூர், புதுச்சேரிக் காற்றில் ஈரம் அதிகம். 35 டிகிரி வெயிலில் ஈரப்பதம் 60 சதவீதம் இருந்தால், காற்றின் அழுத்தத்தில் 3 சதவீதத்துக்கு மேல் நீராவி பிடித்துக்கொள்கிறது, அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைகிறது. வெப்பம் 10 டிகிரி கூடினதற்குச் சமமான இழப்பு இது. கடல்மட்டத்தில் ஓடுவதால் காற்றழுத்தம் முழுதாகக் கிடைக்கிறது என்பது இதற்கு ஈடு. இரண்டுமே கடையில் வாங்கும் பொருளால் மாறுவதில்லை.

இப்போது உங்கள் லாரியின் கேபினுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். கேபின் உயரத்துக்கு ஏறி நிற்கும் கறுப்பு பிளாஸ்டிக் குழாயின் வாய்தான் இன்ஜின் மூச்சு இழுக்கும் இடம். ரேடியேட்டர் சூடும் சைலன்சர் சூடும் டயர் கிளப்பும் தூசியும் குறைவாக இருக்கும் இடம் அது. கம்பெனி அதை அவ்வளவு உயரத்தில் வைத்ததற்குக் காரணமே குளிர்ந்த, சுத்தமான காற்று. அதைக் கழற்றிவிட்டு பம்பருக்குப் பின்னால் வாயை இறக்கினால் ரோட்டுத் தூசியும் மழைத் தண்ணீரும் இருக்கும் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோகிறீர்கள். குழாய் இல்லாமல் கூம்பை இன்ஜினுக்குப் பக்கத்திலேயே மாட்டினாலோ, ரேடியேட்டரைத் தாண்டி வரும் 60, 70 டிகிரிக் காற்றைக் குடிக்கும். பெயர் குளிர்காற்று, போவது சூட்டுக்காற்று.

நான் இவ்வளவு அழுத்தமாக வேண்டாம் என்பதற்குக் காரணம் சக்திக் கணக்கு மட்டும் அல்ல. தூசிதான் முக்கியக் காரணம்.

முழு லோடில் 2,000 ஆர்.பி.எம்.-இல் உங்கள் இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 7,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. 8 மணி நேர ஓட்டத்தில் சராசரியாக அதில் பாதி என்றால், ஒரு நாளைக்கு 1,800 கன மீட்டர். குவாரிப் பாதையில் கன மீட்டருக்கு 10 மில்லிகிராம் தூசி என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். தினமும் 18 கிராம் தூசி ஃபில்டரின் வாசலுக்கு வருகிறது. லாரிக்கான நல்ல பேப்பர் எலிமென்ட் (டப்பாவுக்குள் இருக்கும் ஃபில்டர்) 99.9 சதவீதம் பிடிக்கும், உள்ளே போவது 18 மில்லிகிராம். எண்ணெய் தடவிய பருத்தி வலைக் கூம்பு 98 சதவீதம் பிடித்தால் உள்ளே போவது 360 மில்லிகிராம். 99.9-க்கும் 98-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்ணுக்குத் தோன்றும். இன்ஜினுக்குள் போகும் தூசி 20 மடங்கு. 25 நாள் ஓட்டத்தில் 9 கிராம், ஒரு டீஸ்பூனுக்கு மேல். ஒரு டீஸ்பூன் கல்தூசியை யாராவது உங்கள் கண் முன்னால் இன்ஜினுக்குள் கொட்டினால் விடுவீர்களா?

அது வயல் மண்கூட அல்ல, பாறையை உடைத்து வந்த கூர்மையான தூள். முதலில் டர்போவின் காற்றுப் பக்க இறக்கைகளின் நுனியை அரிக்கும். பிறகு எண்ணெயோடு கலந்து சிலிண்டரின் உள்சுவரான லைனருக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் நடுவே அரைத்தாள் மாதிரி வேலை செய்யும். மேல் ரிங் தேய்ந்தால் கம்ப்ரஷன் கீழே இறங்கும், பிரீதர் குழாயில் புகை அடிக்கும், ஆயில் குறையும். ஹெட்டைக் கழற்றி லைனர், பிஸ்டன் மாற்றும் செலவு அந்த 18,000-ஐப் போலப் பல மடங்கு. இது ஒரே நாளில் தெரிவதில்லை. மாட்டிய முதல் மாதம் வண்டி நன்றாகவே ஓடும், அதனால்தான் பலரும் ஏமாந்துபோகிறார்கள். உங்கள் பழைய டப்பாவில் தூசியைச் சுழற்றிக் கீழே தள்ளும் சுழல் அமைப்பும், உள்ளே சேஃப்டி எலிமென்ட் என்ற இரண்டாவது காவலும் இருக்கின்றன. கூம்பில் இரண்டும் கிடையாது.

அடுத்தது தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியபோதும், அதன் பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோதும் நம் சாலைகள் எப்படி இருந்தன என்று உங்களுக்குத் தெரியும். உங்கள் இன்ஜினில் ஒரு சிலிண்டர் 950 மில்லி. கம்ப்ரஷன் விகிதம் 17.5 என்றால், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மீதி இருக்கும் இடம் 60 மில்லிகூட இல்லை, டீ கிளாஸில் பாதி அளவு. அவ்வளவு தண்ணீர் ஒரு சிலிண்டருக்குள் போனால் போதும். தண்ணீரை அழுத்த முடியாது, ஆகவே கனெக்டிங் ராடு வளையும், சில நேரம் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். கேபின் உயரத்தில் மூக்கு இருக்கும் வண்டி முழங்கால் தண்ணீரில் தப்பிக்கும். பம்பருக்குப் பின்னால் மூக்கு இருக்கும் வண்டி, எதிரே வரும் பஸ் தள்ளிவிடும் அலையிலேயே குடித்துவிடும்.

சரி, உங்கள் வண்டிக்கு என்ன ஆனது? 5.5 கொடுத்தது 4.8 ஆனால் 13 சதவீத இழப்பு. கீழே சொல்லும் வரிசையிலேயே பாருங்கள். செலவு குறைந்ததும் எளிதில் பார்க்கக்கூடியதும் முதலில் வருகிறது.

கேபினைத் தூக்குங்கள். மூக்குக் குழாய் கேபினோடு போகிறதா, சேஸிஸோடு நிற்கிறதா என்று பாருங்கள். கேபினில் இருக்கும் குழாயும் சேஸிஸில் இருக்கும் ஏர் கிளீனரும் சந்திக்கும் இடத்தில் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பெல்லோ இருந்தால், அதைக் கையால் விரித்து மடிப்புக்குள் பாருங்கள். ஏழெட்டு வருட வண்டியில், இந்த உப்புக் காற்றில், அது வெடித்திருப்பது மிகச் சாதாரணம். வெடித்தால் மேலே இருந்து வர வேண்டிய காற்று இன்ஜின் பக்கத்தில் இருந்து சூடாகவும் தூசியாகவும் வரும். உங்கள் வண்டிக்கு ஒரு குளிர்காற்று வேலை தேவை என்றால் அது இந்த ரப்பரை மாற்றுவதுதான்.

ஏர் கிளீனர் டப்பாவின் அடியில் ஒரு ரப்பர் மூக்கு தொங்கும், தூசி விழுவதற்காக. இன்ஜின் நின்றிருக்கும்போது அதன் உதடு ஒட்டி மூடியிருக்க வேண்டும். தினமும் காலையில் ஒரு முறை பிதுக்கிவிடுங்கள். அது கிழிந்தோ காணாமலோ போயிருந்தால் சுழல் அமைப்பு வேலை செய்யாது, தூசி எல்லாம் எலிமென்டில் ஏறிச் சீக்கிரம் அடைத்துவிடும்.

பிறகு ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள குழாயைக் கழற்றுங்கள். ஈர வெள்ளைத் துணியை உள்ளே விட்டுத் துடையுங்கள். துணியில் மண் நிறம் வந்தால் தூசி ஏற்கெனவே உள்ளே போகிறது. ஹோஸ் கிளிப் இருக்கும் இடங்களிலும் எலிமென்டின் ரப்பர் வாய் உட்காரும் இடத்திலும் தூசிக் கோடு எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், ஓட்டை அங்கேதான். இந்தப் பகுதியில் ஓட்டை இருந்தால் சத்தமும் வராது, புகையும் வராது. அதனால்தான் இது மற்ற எல்லா ஓட்டையையும்விட ஆபத்தானது.

குழாய் கழன்றிருக்கும்போதே டர்போவையும் பார்த்துவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ஃபேனின் இறக்கை நுனிகள் கூராக இருக்கின்றனவா, மழுங்கிப் பல் பல்லாகிவிட்டனவா? ஷாஃப்டை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள், கைக்குத் தெரியும் ஆட்டம் இருக்கக் கூடாது. பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருக்கும், ஆனால் இறக்கை சுவரைத் தொடக் கூடாது.

எலிமென்ட் அடைத்திருக்கிறதா என்பதைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள், அளந்து பாருங்கள். டப்பாவில் உள்ள சர்வீஸ் இன்டிகேட்டர் வேலை செய்தால் அது போதும். சிவப்பு வந்தால் மாற்ற வேண்டும். பல வண்டிகளில் அது உடைந்தோ கழன்றோ கிடக்கும். அப்போது கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் கை கொடுக்கும். ஒரு பலகையில் டியூபை யு வடிவில் கட்டுங்கள். ஒவ்வொரு கையும் குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும், குட்டையாக இருந்தால் தண்ணீர் இன்ஜினுக்குப் போய்விடும். இரண்டு பக்கமும் 40 செ.மீ. மட்டத்துக்கு நிறம் கலந்த தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு முனையை இன்டிகேட்டர் இருந்த துளையில் மாட்டுங்கள், இன்னொன்று திறந்திருக்கட்டும். வண்டி நிற்கும்போது ரேஸ் கொடுத்தால் உண்மையான அளவு வராது, ஏனென்றால் லோடு இல்லாமல் டர்போ அவ்வளவு காற்றை இழுப்பதில்லை. லோடோடு, கடலூர் அருகே உள்ள கேப்பர் மலை ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலேட்டரில் ஏறும்போது, பக்கத்தில் உட்கார்ந்தவர் இரண்டு கைகளின் மட்ட வித்தியாசத்தைப் படிக்க வேண்டும். நம் பக்கம் சமதரை என்பதால், முழு இழுவையில் அளக்க அந்த ஏற்றம்தான் வசதி. படிப்பது ஓட்டுநரின் வேலையல்ல. வித்தியாசம் 300 மி.மீ.-க்குள் என்றால் எலிமென்டில் குறை இல்லை. 635 மி.மீ. என்பது டர்போ டீசலுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் கடைசி எல்லை. எலிமென்ட் பார்க்க மண்மூட்டையாக இருந்தும் அளவு 150, 200 என்று மிகக் குறைவாகக் காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். காற்று வேறு ஓட்டை வழியாக நுழைகிறது என்று அர்த்தம்.

எலிமென்டை டயரில் தட்டுவது நம் பக்கத்தில் எல்லா லாரி ஷெட்டிலும் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். இரும்பு மூடி நசுங்கி, ரப்பர் உட்காரும் இடம் கோணலாகிவிடும். ஏர் அடிப்பதாக இருந்தால் 30 பி.எஸ்.ஐ.-க்கு மேல் போகாமல், உள்ளிருந்து வெளியே அடியுங்கள். பஞ்சர் கடை ஏரை நேராக அடித்தால் பேப்பர் பொத்துக்கொள்ளும். அடித்த பிறகு இருட்டில் உள்ளே ஒரு பல்ப் விட்டுப் பாருங்கள், ஊசி முனை வெளிச்சம் தெரிந்தாலும் அது குப்பைக்குத்தான். சேஃப்டி எலிமென்டுக்கு ஏர் அடிக்கவே கூடாது. மூன்று முறை பெரிய எலிமென்ட் மாற்றினால் அதையும் ஒரு முறை மாற்றுங்கள். மழையில் நனைந்த பேப்பர் ஊதித் தடையை ஏற்றிவிடும். அதைத் தண்ணீரில் கழுவிக் காயவைத்து மறுபடி போடுவதும் தப்பு.

உங்கள் அறிகுறிகளைப் படிக்கும்போது நான் அதிகம் சந்தேகப்படுவது டர்போவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் குழாய்களைத்தான். டர்போவில் இருந்து இன்டர்கூலர், இன்டர்கூலரில் இருந்து சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துத் தரும் மேனிஃபோல்டு. அங்கே ஹோஸ் வெடித்தாலோ, இன்டர்கூலர் டியூபில் விரிசல் விழுந்தாலோ, அழுத்திய காற்று வெளியே போய்விடும். பிக்கப் சாகும், ஏற்றத்தில் கரும்புகை வரும், லோடில் உஸ்ஸென்று ஒரு விசில் கேட்கும், மைலேஜ் இறங்கும். சோதிக்கும் முறை இது. இன்டர்கூலரின் இரண்டு வாயையும் அடைப்பான் போட்டு மூடி, அந்த அடைப்பான்களைச் சங்கிலியால் சேஸிஸில் கட்டுங்கள். பிய்த்துக்கொண்டு பறந்தால் ஆளைக் கொல்லும். ஒரு பக்கம் கேஜும் வால்வும் வைத்து 30 பி.எஸ்.ஐ. ஏர் ஏற்றி, வால்வை மூடிவிட்டு 15 வினாடி பாருங்கள். 7 பி.எஸ்.ஐ. வரை இறங்கினால் பரவாயில்லை, அதற்கு மேல் இறங்கினால் இன்டர்கூலர் ஒழுகுகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் இடம் தெரியும். ஹோஸ்களை வெளியே தடவிப் பார்ப்பது போதாது, கழற்றி உள்பக்கம் பாருங்கள். எண்ணெய் ஊறி உள்ளடுக்கு உரிந்து தொங்கும் ஹோஸ், பூஸ்ட் ஏறும்போது மட்டும் விரிந்து ஒழுகும்.

இன்டர்கூலரின் முகத்தைச் சுத்தம் செய்வதும் இதோடு சேர்ந்த வேலை. ரேடியேட்டருக்கும் இன்டர்கூலருக்கும் நடுவில் டார்ச் அடித்துப் பாருங்கள். முன்பக்கம் சுத்தமாகத் தெரியும் வண்டியிலும் அந்த இடுக்கில் மண் கெட்டித்திருக்கும். குறைந்த அழுத்தத் தண்ணீரைப் பின்னால் இருந்து முன்னால் விடுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை அருகில் பிடித்தால் ஃபின்கள் மடிந்து, அடைப்பைவிட மோசமாகும்.

இவை எல்லாம் சரியாக இருந்தால் டீசல் ஃபில்டர், வால்வு கிளியரன்ஸ், இன்ஜெக்டர் என்று போகலாம். ஸ்கேனரையும், திரும்பி வரும் டீசலின் (ரிட்டர்ன்) அளவையும் பார்க்காமல் இன்ஜெக்டரில் கை வைக்க வேண்டாம். அதற்கு முன் இலவசமான ஒரு சோதனை உண்டு. 20 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு சக்கர டிரம்முக்கும் பக்கத்தில் புறங்கையைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறது, உங்கள் டீசல் அங்கே எரிகிறது. டயர் காற்றையும் ஆறிய டயரில் பாருங்கள்.

ஏர் ஃபில்டர் மாற்றினால் மைலேஜ் தானாக ஏறும் என்ற நம்பிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு உள்ள பெட்ரோல் கார்களில் அடைத்த ஃபில்டரை மாற்றிச் சோதித்தது. மைலேஜ் மாறவில்லை, ஓட்ட வேகம் எடுப்பதுதான் 6 முதல் 11 சதவீதம் வரை சீரானது. பெட்ரோல் வண்டியிலேயே இப்படி. நன்றாக இருக்கும் ஃபில்டரைக் கழற்றிவிட்டுக் கூம்பு மாட்டினால் அரை கிலோமீட்டர் கூடும் என்பதை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

இந்த மாற்றத்தால் பயன் பெறும் வண்டிகளும் உண்டு. டர்போ இல்லாத பழைய டீசல் லாரி, இன்ஜின் பக்கத்திலேயே சூடான காற்றைக் குடிக்கும்படி யாரோ ஃபில்டரை இடம் மாற்றிய வண்டி, பந்தயத்துக்காக டர்போவும் டீசல் அளவும் கூட்டப்பட்டு, இருக்கும் டப்பா போதாமல் போன வண்டி. இவற்றிலும் செய்ய வேண்டியது கூம்பு மாட்டுவதல்ல. ஒரு சைஸ் பெரிய பேப்பர் ஏர் கிளீனரை டப்பாவோடு போட்டு, வாயை உயரத்துக்குக் கொண்டுபோவதுதான். காற்று கூடிவிட்டதே என்று பம்பில் டீசலை ஏற்றிவிடுபவர்களிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். எக்ஸாஸ்ட் சூடு எல்லை தாண்டி நின்றால் பிஸ்டனும் டர்போவும் கெடும் ஆபத்து உண்டு.

பி.எஸ். 6 வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு: 2020 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் காற்றை அளக்கும் சென்சார் பொருத்தியவை பல. எண்ணெய் தடவிய ஃபில்டரின் எண்ணெய் அந்தச் சென்சாரில் படிந்தால் அளவு தப்பும். இஜிஆர், டிபிஎஃப், யூரியா என்ற புகைக் கட்டுப்பாட்டு அமைப்புகள் எல்லாம் அந்த அளவை வைத்தே ஓடுவதால் ஒன்றன்பின் ஒன்றாக விளக்கு எரியும், கடைசியில் இன்ஜின் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். வாரன்டியும் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் கம்பெனி குறித்தவற்றில் இருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) நிற்கும்போது பம்பருக்குப் பின்னால் தெரியும் அலுமினியக் குழாய்க்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். நீண்ட ஒயர் வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கி, அதன் முனையை மூக்குக் குழாய் ஏர் கிளீனருக்குள் நுழையும் இடத்தில், ஃபில்டருக்கு முன்னால், டேப் போட்டு ஒட்டட்டும். ஃபில்டருக்குப் பின்னால் வேண்டாம், கழன்றால் டர்போவுக்குள் போய்விடும். மதியம் லோடோடு ஓடும்போது அது காட்டும் அளவையும் வெளியே நிழலில் உள்ள அளவையும் குறித்துக்கொள்ளட்டும். வித்தியாசம் 5 டிகிரிக்குள் இருந்தால், உங்கள் இன்ஜின் ஏற்கெனவே குளிர்ந்த காற்றைத்தான் குடிக்கிறது. 15, 20 என்று காட்டினால் அந்த ரப்பர் பெல்லோவை மறுபடி பாருங்கள். இந்த வெப்ப வித்தியாசம், கேப்பர் மலை ஏற்றத்தில் டியூப் காட்டிய மி.மீ., இன்டர்கூலர் 15 வினாடியில் இழந்த பி.எஸ்.ஐ. ஆகிய மூன்றையும் எழுதி அனுப்புங்கள். அடுத்து எங்கே கை வைப்பது என்பதை அவற்றை வைத்தே சொல்லிவிடலாம்.